பெயர்ப் பலகையில் அடங்காத பெருவாழ்வு

ஆண்டுதோறும் ஜூன் 5 ஆம் நாள், சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகம் பரபரப்படைகிறது. அங்கு அடங்கியிருக்கும் கண்ணியத்திற்குரிய காயிதெ மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாகிப் அவர்களின் பிறந்த நாள் அது. அரசின் சார்பில் மலர்ப்போர்வை போர்த்தப்படுகிறது. தலைவர்கள் வருகின்றனர், புகைப்படங்கள் எடுக்கப்படுகின்றன. மறுநாள் அவ்விடம் மீண்டும் அமைதியில் ஆழ்ந்து விடுகிறது.

அத்தகையதொரு ஜூன் மாதத்தில், எங்கள் மதரஸாப் பிள்ளைகளிடம், "காயிதெ மில்லத் யார்?" என்று கேட்டேன். "என் அக்கா படிக்கும் கல்லூரியின் பெயர், ஹஜ்ரத்!" என்றான் ஒருவன். "சுவரொட்டியில் தொப்பியும் தாடியுமாக இருப்பாரே, அவர்தாம்" என்றான் மற்றொருவன். அதற்கு மேல் எவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பிள்ளைகளை நான் கடிந்துகொள்ளவில்லை. விழா மேடைகளில் பன்முறை முழங்கிய நானே, அவர்களுக்கு அதுவரை ஒரு சொல்லும் கற்பித்ததில்லையே!

1896இல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த அப்பெருமகனார், தோல் வணிகத்தில் ஈடுபட்டவர். 1946 முதல் 1952 வரை சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராகவும் எதிர்க்கட்சித் தலைவராகவும் விளங்கினார். நாடு பிளவுண்டு, சமுதாயம் திகைத்து நின்ற நேரம் அது. இனி அரசியல் அமைப்பே வேண்டா, ஒதுங்கி வாழ்வோம் என்று எண்ணியோர் பலர். அந்நிலையில், 1948 மார்ச் 10ஆம் நாள் சென்னை இராஜாஜி மண்டபத்தில் கூட்டம் கூட்டி, இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவாக வழிவகுத்தார். அஞ்சி ஒளிவதும் வேண்டா, ஆத்திரத்தில் மோதுவதும் வேண்டா. சட்டத்தின் வழியில் நின்று உரிமையைக் கேட்போம் என்பதே அவர் காட்டிய பாதை.

அரசியல் நிர்ணய சபையிலும் அவர் அவ்வாறே நடந்தார். 1948 நவம்பர் 23ஆம் நாள், பொது உரிமையியல் சட்டம் பற்றிய விதி விவாதத்திற்கு வந்தது. எந்தச் சமூகமும் தனது தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்று அவர் திருத்தம் முன்மொழிந்தார். டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை, திருத்தம் தோற்றது. 1949 மே மாதத்தில் தனித்தொகுதிக் கோரிக்கைக்காக வாதாடினார், அதுவும் தோற்றது. எனினும் அவர் அவையை வெறுத்து வெளியேறவில்லை, கடுஞ்சொல் கூறவில்லை. அவரது வாதத்தை ஏற்காதோரும் அவரது கண்ணியத்தை மதித்தனர். தோற்றபோதும் தரம் தாழாமல் வாதாடுவது எங்ஙனம் என்பதை நம் இளைஞர்கள் அவரிடமன்றி வேறு யாரிடம் கற்பது?

பின்னர் மாநிலங்களவையிலும் பணியாற்றினார். கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி மக்கள் 1962, 1967, 1971 ஆகிய மூன்று பொதுத் தேர்தல்களில் அவரை மக்களவைக்கு அனுப்பினர். மலையாளம் பேசும் மக்கள் தமிழர் ஒருவரைத் தம் பிரதிநிதியாகத் தொடர்ந்து தேர்ந்தெடுத்தனர் என்றால், அது நம்பிக்கைக்குக் கிடைத்த பரிசன்றோ! 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் தோன்றிய காலம் அவருடைய காலம். சமுதாயச் செல்வர்கள் கல்விக்காகக் கைதிறந்து வழங்கிய அந்நாட்களில், அவரது ஊக்கமும் அவர்களுக்குத் துணை நின்றது.

1972 ஏப்ரலில் அவர் மறைந்த பின், 1974இல் சென்னை அண்ணா சாலையில் அவர் பெயரால் அரசு மகளிர் கல்லூரி எழுந்தது. 1990களில் நாகை மாவட்டமும் அவர் பெயரைத் தாங்கியது. 1997இல் மாவட்டங்களுக்குச் சூட்டப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் யாவும் நீக்கப்பட்டபோது, அப்பெயரும் அகன்றது. அன்று வருந்தியோர் பலர். ஆயின் சிந்தித்துப் பாருங்கள்! ஓர் அரசாணையால் வந்த பெயர், மற்றோர் அரசாணையால் போயிற்று. கல்லூரியோ ஆண்டுதோறும் ஏழைப் பெண்மக்களைப் பட்டதாரிகளாக்கிக் கொண்டிருக்கிறது. இரண்டில் எது நினைவுச் சின்னம்?

மனிதன் மரணித்ததும் அவன் செயல்கள் முடிவுறுகின்றன. நிலையான தர்மமும், பயன்தரும் கல்வியும், துஆச் செய்யும் நற்பிள்ளையும் மட்டுமே தொடர்கின்றன என்பது நம் பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. இம்மூன்றில் மலர்ப்போர்வை எங்கேனும் உண்டா? அரசு தன் மரியாதையைத் தன் வழக்கப்படி செய்யட்டும். நாம் செய்ய வேண்டியது வேறு.

வரும் ஜூன் 5இல் ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் வளைவுகளுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகும் செலவைக் குறைத்து, ஓர் ஏழை மாணவியின் கல்விக் கட்டணத்தை ஏற்கட்டும். பதினெட்டு வயது நிறைந்த நம் பிள்ளைகளின் பெயர் வாக்காளர் பட்டியலில் உள்ளதா என்று பார்க்கட்டும். தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரை மாலையோடு மட்டும் சந்திக்காமல், ஊரின் தேவைகளை எழுதிய மனுவோடும் சந்திக்கட்டும். அடுத்த ஆண்டு அதன் நிலையைக் கேட்கட்டும். தாய்மார்களே! அன்றிரவு உணவுக்குப் பின், பிள்ளைகளை அருகில் அமர்த்தி அவர் வரலாற்றைக் கால்மணி நேரம் கூறுங்கள்.

எங்கள் மதரஸாவில் இப்போது அந்த வரலாறு ஒரு பாடமாகியுள்ளது. "திருத்தம் தோற்றுவிட்டதே, பிறகு ஏன் ஹஜ்ரத் அவர் மீண்டும் சபைக்குப் போனார்?" என்று ஒரு சிறுவன் என்னைக் கேட்டான். அக்கேள்வி பிறந்ததே எனக்குப் போதும்.

வல்ல அல்லாஹ் அன்னாரின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.