சித்த வியாதியஸ்தரும் குடும்பத்தாரும்

சித்தம் கலங்கியவனை ஆஸ்பத்திரி வாயிலில் ஒப்புவித்துவிட்டுத் திரும்பிப் பாராமற் போகும் வழக்கம் நம் தேசத்தில் நெடுங்காலம் இருந்துவந்தது. இதற்குக் குடும்பத்தாரை மாத்திரம் குறை கூறுதல் நியாயமன்று. 1912-ம் வருஷத்துப் பைத்தியக்காரர் சட்டம் நோயாளியை அடைத்துவைக்கும் விதிகளையே விஸ்தாரமாகப் பேசிற்று. உறவினரை வைத்தியத்துக்குத் துணையாக அது கருதவில்லை.

1950-களில் அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யாசாகர் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. அங்கே நோயாளிகள் மிகுதி, சிப்பந்திகள் குறைவு. அவர் ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரமடித்து, நோயாளியோடு அவன் உறவினரையும் தங்கச் செய்தார். அவர்கள் பணிவிடை செய்ததோடு வியாதியின் தன்மையையும் கற்றனர். ஆள் பற்றாக்குறையில் பிறந்த யோசனைதான், பலனோ பெரிது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவிலும் உறவினர் உடன் தங்குவது வழக்கமாயிற்று.

ஆயினும் உடனிருத்தல் மாத்திரம் போதாது. லண்டனில் ஜார்ஜ் பிரௌனும் அவர் கூட்டாளிகளும் 1958-ல் ஒரு விந்தையை வெளியிட்டனர். மனச்சிதைவுக்குச் சிகிச்சை பெற்று, பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்கள், உடன்பிறந்தாரிடமோ வாடகை விடுதியிலோ வசித்தவரைவிட அதிகமாக மீண்டும் நோய்ப்பட்டனர்! ஓயாத கண்டனமும், நிழல்போல் தொடரும் மிதமிஞ்சிய கரிசனமும் நோயைக் கிளறுவது பின்னர்த் தெளிவாயிற்று. "குளிக்கக்கூட மனமில்லாத சோம்பேறி" என்று மகனை ஏசும் தகப்பனார், அச்சோம்பலும் வியாதியின் லட்சணமே என்பதை அறியார். அவருக்கு எவரேனும் அதைச் சொன்னதுண்டா? மருந்துச் சீட்டை நீட்டுவதோடு கடமை தீர்ந்ததென்று எண்ணும் வைத்தியர்களை நாம் வினவுகிறோம். குடும்பத்தாருக்குப் போதனை அளித்தால் நோய் திரும்புவது குறைகிறதென்பது பல தேசங்களில் நிரூபணமான விஷயம்.

போக்கிடமற்ற உறவினர் செய்வது யாது? 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓடவியலாமல் மாண்டவர் உட்பட 28 பேர் உயிரிழந்தனர். 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடுக்கிறது. நோயாளி தனக்கொரு பிரதிநிதியை நியமித்துக்கொள்ளவும் உரிமை தருகிறது. நல்ல சட்டம், நாம் வரவேற்கிறோம். ஆனால் 'குடும்பத்தின் பங்கு' என்ற அழகிய சொல்லைக் காட்டிச் சர்க்கார் தன் பாரத்தை ஏழைத் தாய்மார் தலையில் இறக்கிவைத்தல் தகாது. கூலிவேலைக்குப் போகவேண்டியவள் நோயுற்ற மகனை எங்கே விட்டுச் செல்வாள்? ஜில்லா ஆஸ்பத்திரிதோறும் உறவினர் தங்க அறைகளும், அவர்களுக்கு வாரந்தோறும் போதனையும், தாலுகாவுக்கு ஒரு பகல் விடுதியும் வேண்டும். வரும் பட்ஜெட் விவாதத்தில் நம் சட்டசபை அங்கத்தினர் இவற்றுக்குத் தொகை கேட்பார்களா?