'ஓரளவுக்கு': யார் அளந்த அளவு?

'டு சம் எக்ஸ்டென்ட்' என்றால் ஓரளவுக்கு. 'டு எ லார்ஜ் எக்ஸ்டென்ட்' என்றால் பெருமளவுக்கு. 'அப் டு எ பாய்ன்ட்' என்று ஒருவர் ஆரம்பித்தால் ஒத்துக்கொள்வதுபோல ஆரம்பித்து மறுக்கப்போகிறார் என்று அர்த்தம். 'டு எ சர்டெய்ன் எக்ஸ்டென்ட்' என்பதை நாம் 'ஒரு குறிப்பிட்ட அளவுக்கு' என்று எடுத்துக்கொண்டோம். நம் கட்டுரைகளில் பக்கத்துக்குப் பக்கம் இது வருகிறது. குறிப்பிட்ட அளவு என்கிறோமே, எங்கே குறிப்பிட்டோம்?

எழுத்தில் இது சோம்பல். சட்டத்தில் உயிர்ப் பிரச்சினை. போபாலுக்குப் பிறகு, 1987இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. தொழிலாளரின் பாதுகாப்பை ஆலை நடத்துகிறவர் உறுதிசெய்ய வேண்டும் என்றது. எதுவரை? 'ஸோ ஃபார் ஆஸ் இஸ் ரீசனப்ளி ப்ராக்டிகபிள்'. 2020ஆம் வருடப் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்தப் பேச்சு தொடர்கிறது. தமிழில் 'கூடியவரை' என்று எழுதிவிடுகிறோம். சாத்தூர்ப் பேச்சில் 'முடிஞ்ச மட்டும்'. கைமாத்து கேட்டவரிடம் 'முடிஞ்ச மட்டும் பாக்கேன்' என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஆங்கிலத் தொடர் பிறந்த இடத்தில் அது இவ்வளவு தொளதொளப்பானதல்ல. நிலக்கரிச் சுரங்கப் பாதையின் பக்கச்சுவர் சரிந்து தொழிலாளி ஒருவர் இறந்த எட்வர்ட்ஸ் வழக்கில், 1949இல், இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு ஒரு தராசு கொடுத்தது. ஒரு தட்டில் ஆபத்து. மறு தட்டில் அதைத் தவிர்க்க ஆகும் பணம், நேரம், சிரமம். ஆபத்து அற்பம், செலவோ அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவுக்குப் பெரிது என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். 'கூடியவரை' என்று பெயர்க்கும்போது தராசு தொலைந்துபோகிறது, கடமை, தயவாகிவிடுகிறது.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கத்து அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த வட்டாரத்தில் கூலி பீஸ் ரேட். தீப்பெட்டி பண்டலுக்கு 600 பெட்டி. ஒன்று குறைந்தாலும் கணக்கு நிற்கும். பண்டத்துக்கு எண்ணிக்கை, உயிருக்கு 'ஓரளவு' என்பது எந்த ஊர் நியாயம்?

பட்டாசு உரிமத்தில் அறைக்கு எத்தனை பேர், எத்தனை கிலோ மருந்து என்று எண் இருக்கிறது. எண்ணை வாசலில் நின்று எண்ணிப் பார்க்கலாம், மீறினால் மீறல்தான். மனு எழுதும் தோழர்கள் 'ஓரளவு பாதுகாப்பு' கேட்க வேண்டாம். எண்ணைக் கேளுங்கள். 'கூடியவரை' என்று பதில் வந்தால், தராசை எடுத்துவைத்து எந்தத் தட்டில் என்ன வைத்தீர்கள் என்று கேளுங்கள்.