அக்காவோட விசாவும் ஒரு 'க' எழுத்தும்

(எபிசோடில் பேசியதைக் கொஞ்சம் சுருக்கி, எழுத்தில் தந்திருக்கிறோம்.)

2024 மார்ச் மாசம். கவரைப்பேட்டையில எங்க வீட்டு ஹால். அக்கா லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து அழுதுட்டு இருந்துச்சு. மும்பையில அமெரிக்கத் தூதரக இன்டர்வியூ முடிச்சுட்டு வந்து ரெண்டு நாள்தான் ஆகுது. கேஸ் நிலவரம் பார்க்கிற தளத்துல ஒரே ஒரு வார்த்தை: 'ரெஃப்யூஸ்டு'. அப்பா "என்னம்மா போட்டிருக்கு?"ன்னு கேட்கிறார். அக்கா என்னைப் பார்க்குது. ஏன்னா ஃபைல் முழுக்க ரெடி பண்ணது நான்.

இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான். கல்யாணமாகி அமெரிக்கா போறவங்களுக்கான இமிக்ரண்ட் விசா எப்படி நடக்குது, நான் எங்க கோட்டை விட்டேன், ரெண்டையும் சொல்றேன்.

எந்த விசா?

"மாப்பிள்ளை அமெரிக்காவுல, விசா வந்ததும் பொண்ணு கிளம்பிடும்"னு ஊர்ல எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்லுவாங்க. ஆனா அதுல மூணு வழி இருக்கு. மாப்பிள்ளை எச்-1பி-ல வேலை பார்த்தா மனைவிக்கு எச்-4, அது தற்காலிக விசா. அவர்கிட்ட கிரீன் கார்டு இருந்தா எஃப்2ஏ வகை. அதுக்கு வருஷத்துக்கு இத்தனைன்னு ஒரு வரம்பு இருக்கு, வரிசையில நிக்கணும். அவர் அமெரிக்கக் குடிமகனா இருந்தா 'உடனடி உறவு' வகை. இதுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஆனா உடனடிங்கிறது பேர்ல மட்டும்தான்.

எங்க மாமா குடிமகன், அதனால எங்களுக்கு மூணாவது வழி. கல்யாணம் 2021 செப்டம்பர்ல. அக்கா கையில விசா வந்தது 2024 மே மாசம்.

மூணு கட்டம்

முதல் கட்டம் ஐ-130. இதை மாமா அங்கிருந்து குடியேற்றத் துறைக்கு, அதாவது யு.எஸ்.சி.ஐ.எஸ்-க்கு அனுப்பணும். "இவங்க என் மனைவி, எங்க கல்யாணம் உண்மையானது"ன்னு காட்டுற மனு இது. நம்ம வீட்ல என்ன நினைக்கிறோம்? ஆயிரம் பேர் சாப்பிட்ட கல்யாணம், ஆல்பமே மூணு கிலோ, இதுக்கு மேல என்ன ஆதாரம்னு. ஆனா கல்யாணம் ஒரு நாள்தானே. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் எப்படி வாழுறாங்கன்னுதான் அவங்க பார்க்கணும். மாமா லீவுல வந்துட்டுப் போன போர்டிங் பாஸ், மாசாமாசம் அனுப்பின பணம், வீடியோ கால் ஹிஸ்டரி, இன்ஷூரன்ஸ்ல நாமினியா அக்கா பேரு. சாதாரணமா நாம தூக்கிப் போடுற காகிதம்தான் இங்க பேசும்.

கல்யாணப் பதிவு கட்டாயம் வேணும். தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் பதிவு செய்யணும், 90 நாளுக்குள்ள. ஐயர் இல்லாம சுயமரியாதை முறையில நடந்திருந்தா செல்லுமான்னு சிலர் கேட்டிருந்தீங்க. செல்லும். 1967-லேயே இந்து திருமணச் சட்டத்துல அதுக்குத் தனிப் பிரிவு சேர்த்தாச்சு. பதிவுச் சான்றிதழை மட்டும் வாங்கி வெச்சுக்கோங்க.

ரெண்டாவது கட்டம் நேஷனல் விசா சென்டர், சுருக்கமா என்.வி.சி. நியூ ஹாம்ப்ஷயர்ல இருக்கு. ஆள் பார்த்துப் பேசுற இடம் இல்ல, எல்லாமே ஆன்லைன். நாங்க கட்டின ஃபீஸ் 325 டாலரும் 120 டாலரும். டி.எஸ்-260-ங்கிற பெரிய படிவம், பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், பாஸ்போர்ட் ஆபீஸ் தர்ற போலீஸ் கிளியரன்ஸ் எல்லாத்தையும் அப்லோட் பண்ணணும். கூடவே மாமா தரப்புல ஐ-864. "இவங்களைப் பார்த்துக்கிற அளவு எனக்கு வருமானம் இருக்கு"ன்னு கையெழுத்து போடுறது. பொதுவா அங்க வறுமைக்கோட்டு அளவுல 125 சதவீதம் வருமானம் காட்டணும். பத்தலைன்னா இன்னொருத்தர் கூட்டுப் பொறுப்பு ஏத்துக்கலாம். சொந்தக்காரர் யாராவது "ஒரு சைன் தானே"ன்னு போட வந்தா முதல்ல விஷயத்தைச் சொல்லிடுங்க: விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு தானா முடியாது.

மூணாவது கட்டம் மெடிக்கலும் இன்டர்வியூவும். தூதரகம் அங்கீகரிச்ச டாக்டர்கிட்டதான் மெடிக்கல். அதை சென்னையிலேயே முடிச்சோம். இன்டர்வியூ மும்பையில, பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்ல. "ஜெமினி பிரிட்ஜ் பக்கத்துல அவ்வளவு பெரிய தூதரகம் இருக்கே?"ன்னு அப்பா கடைசி வரைக்கும் கேட்டுட்டே இருந்தார். இருக்கு, ஆனா இந்த விசாவுக்கு நாம மும்பைதான் போகணும்.

அந்த ஆறு நிமிஷம்

இன்டர்வியூவுக்கு முன்னாடி தெருவுல எல்லாரும் டிப்ஸ் கொடுத்தாங்க. அதுல மோசமானது, "திரும்பி வந்துடுவேன்னு அடிச்சுச் சொல்லு". அது டூரிஸ்ட், ஸ்டூடன்ட் விசாவுக்கான பாடம். அங்க நீங்க திரும்பி வருவீங்கன்னு காட்டணும். இது குடியேறுறதுக்கான விசா. அங்க போய் வாழப்போறேன்னு சொல்றதுதான் இங்க சரியான பதில்.

அக்காகிட்ட கேட்டது சாதாரணக் கேள்விங்க. எப்படி அறிமுகம்? கல்யாணத்துக்கு யார் யார் வந்தாங்க? அவர் என்ன வேலை பார்க்கிறார்? கடைசியா எப்போ வந்தார்? மொத்தமே ஆறு நிமிஷம் இருக்கும். மனப்பாடம் பண்ணிட்டுப் போனா மாட்டிக்குவோம். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம். மாமாவோட சம்பளம் சரியா தெரியாதுன்னு அக்கா சொல்லுச்சு, அதிகாரி சிரிச்சுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டார். இன்டர்வியூவுக்கு முன்னாடியே ஃபைல் அவங்ககிட்ட இருக்கு. ஃபைல்ல இருக்கிற ஆளும் முன்னாடி நிக்கிற ஆளும் ஒண்ணுதானான்னு பார்க்கிறதுதான் அந்த ஆறு நிமிஷம்.

எங்க ஃபைல்ல அங்கதான் இடிச்சது.

'கே'யா, 'ஜி'யா?

அக்காவோட பிறப்புச் சான்றிதழ்ல முதல்ல பேரே இல்ல. தொண்ணூறுகள்ல பிறந்த நிறைய பேருக்கு அப்படித்தான். குழந்தைக்குப் பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே பிறப்பைப் பதிஞ்சுட்டு வந்துடுவாங்க. 15 வருஷத்துக்குள்ள பேர் சேர்க்கணும்னு விதி. பழைய பதிவுகளுக்கு அரசு கொடுத்த கால நீட்டிப்புல அதை நான் சரி பண்ணிட்டேன். பெருமையா இருந்துச்சு.

அப்போ இன்னொண்ணும் கண்ணுல பட்டுச்சு. அப்பா பேரு தமிழ்ல 'க'வுல ஆரம்பிக்கும். பிறப்புச் சான்றிதழ்ல அதை இங்கிலீஷ் 'கே' எழுத்துல போட்டிருந்தாங்க. பாஸ்போர்ட்ல அக்காவோட சர்நேமா அதே பேரு 'ஜி' எழுத்துல இருந்துச்சு. நமக்கு ரெண்டும் ஒரே க. நான் என்ன பண்ணேன்? சின்ன பக், யாரும் பார்க்க மாட்டாங்கன்னு விட்டுட்டேன். என்.வி.சி-யும் ஓகே சொல்லிடுச்சு. ஆனா அந்த ஓகே-வுக்கு ஃபைல் முழுசா இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம், விசா உறுதின்னு இல்ல. அதையும் நான் தப்பா புரிஞ்சுக்கிட்டு, "எல்லாம் முடிஞ்சது"ன்னு அக்காகிட்ட சொல்லிட்டேன். அதை நம்பி அக்கா கும்மிடிப்பூண்டி சிப்காட்ல அஞ்சு வருஷமா பார்த்த வேலையை ராஜினாமா பண்ணிடுச்சு.

இன்டர்வியூ முடிவுல ஒரு ஸ்லிப் கொடுத்தாங்க: 221(ஜி). பிறப்புச் சான்றிதழ்ல இருக்கிற அப்பாவும் பாஸ்போர்ட்ல இருக்கிற பேரும் ஒருத்தர்தான்னு ஆதாரம் கேட்டாங்க. 221(ஜி)-ங்கிறது ஏதோ ஒண்ணு குறையுது, அது வர்ற வரைக்கும் விசா இல்லைங்கிற நிலை. சட்டப்படி அதுவும் மறுப்புதான். அதனாலதான் தளத்துல அந்த வார்த்தை. ஆனா கதவு மூடலை. நம்ம லைன்ல போறவங்களுக்குப் புரியும்: எக்ஸ்பிரஸ் போகட்டும்னு லோக்கலை லூப் லைன்ல நிறுத்துவாங்களே, அது மாதிரி. எப்போ சிக்னல் விழும்னு மட்டும் தெரியாது.

அப்பா நோட்டரி முன்னாடி ரெண்டு ஸ்பெல்லிங்கும் தன்னோட பேர்தான்னு அஃபிடவிட் கொடுத்தார். கூடவே அவரோட பள்ளிச் சான்றிதழும் ஆதாரும். அனுப்பிட்டுக் காத்திருந்தது ஏழு வாரம். வேலை இல்லாம வீட்ல இருந்த அக்காகிட்ட பக்கத்து வீட்டு அத்தை தினமும், "எப்போ கிளம்புற?"ன்னு கேட்பாங்க. அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஏன் இவ்வளவு கவனம்?

அக்கா கிளம்பின அடுத்த மாசம், 2024 ஜூன் 21, அமெரிக்க உச்ச நீதிமன்றத்துல ஒரு தீர்ப்பு வந்துச்சு. சாண்ட்ரா முனோஸ் ஒரு அமெரிக்கக் குடிமகள். அவங்க கணவர் எல் சால்வடார்காரர், தூதரகம் அவருக்கு விசா மறுத்துடுச்சு. அவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. கணவரையோ மனைவியையோ நாட்டுக்குள்ள கொண்டு வர்றது குடிமகனோட அடிப்படை உரிமை இல்லைன்னு 6-3-ன்னு தீர்ப்பு. அதாவது, தூதரகத்துல இல்லைன்னு ஆயிட்டா கோர்ட்ல போய் மாத்துறது ரொம்பக் கஷ்டம். அதனால ஒவ்வொரு எழுத்தும் அதுக்கு முன்னாடியே சரியா இருக்கணும்.

தாமதத்துல ஒரே ஒரு நன்மை. கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆகுறதுக்குள்ள போய் இறங்கினா சி.ஆர்1, ரெண்டு வருஷ நிபந்தனை கிரீன் கார்டுதான். அப்புறம் திரும்ப மனு போடணும். பொய்க் கல்யாணங்களைத் தடுக்க 1986-ல கொண்டு வந்த சட்டம் அது. அக்கா ரெண்டு வருஷம் தாண்டிப் போனதால ஐ.ஆர்1, நேரா பத்து வருஷக் கார்டு.

கடைசியா ரெண்டு விஷயம். பாஸ்போர்ட்ல விசா ஒட்டி கைக்கு வர்ற வரைக்கும் வேலையை விடாதீங்க, டிக்கெட் போடாதீங்க.

ரெண்டாவது, உங்க வீட்ல யாராவது இதுக்குத் தயாராகிட்டு இருந்தா, இன்னைக்கு ராத்திரி பிறப்புச் சான்றிதழ், பத்தாவது மார்க் ஷீட், பாஸ்போர்ட், கல்யாணச் சான்றிதழ் நாலையும் வரிசையா வெச்சு அப்பா பேரை எழுத்துக் கூட்டிப் படிங்க. சர்நேம் காலம் காலியா இருந்தா அதையும் கவனிங்க. அப்படி இருந்தா அமெரிக்க விசாவுல உங்க பேர் சர்நேம் இடத்துக்குப் போயிடும், முதல் பேர் இடத்துல 'எஃப்.என்.யு'ன்னு வரும், முதல் பேர் தெரியலைன்னு அர்த்தம். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இப்பவே சரி பண்ணிடுங்க, என்னை மாதிரி விட்டுடாதீங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.