டீசல் குழாயில் காந்தம் மாட்டினால் டீசல் மிச்சமாகுமா?



"இந்தக் காந்தத்தை டீசல் குழாயில் மாட்டுங்க. நூற்றுக்கு 30 பங்கு டீசல் மிச்சம், இழுவையும் கூடும்" என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. காருக்கு, டிராக்டருக்கு, பம்ப்செட் எஞ்சினுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து! வாங்கலாமா?

காந்தம் டீசலைப் பிரித்து நன்றாக எரிய வைக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். டீசல் என்ன இரும்பா, காந்தத்துக்குக் கட்டுப்பட? அதோடு, நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் நூற்றுக்கு 98 பங்கு டீசல் ஏற்கெனவே எரிந்துவிடுகிறது. மீதி இரண்டு பங்கை எரித்து 30 பங்கு மிச்சம் பிடிக்க முடியுமா? நீங்களே கணக்குப் பாருங்கள். எஞ்சினில் பெரிய நஷ்டம், புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறும் சூடுதான். அதைக் காந்தம் தடுக்காது.

அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் இப்படிப்பட்ட சாதனங்கள் நூற்றுக்கு மேல் ஆராய்ந்தது. அவற்றில் காந்தமும் உண்டு. சொல்லிக்கொள்ளும்படி மிச்சம் பிடித்த சாதனம் ஒன்றுகூட இல்லை.

"மாட்டினவர் மிச்சம்னு சொல்றாரே?" என்பீர்கள். காசு போட்டு மாட்டியவர் அன்று முதல் பார்த்துப் பதமாக ஓட்டுவார். மாட்டும்போதே பில்டரையும் சுத்தம் செய்திருப்பார்கள். பேர் காந்தத்துக்குப் போய்விடுகிறது.

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. டாங்கியைக் கழுத்துவரை நிரப்புங்கள். ஒரே வயல், ஒரே கலப்பை, ஒரே கியரில் ஓட்டி, மறுபடி நிரப்பி அளவு பாருங்கள். காந்தத்தோடு மூன்று தடவை, இல்லாமல் மூன்று தடவை. எப்போது மாட்டியிருக்கிறது என்பது ஓட்டுபவருக்குத் தெரியக்கூடாது.

குழாயை அறுத்துப் பொருத்தும் சாதனம் என்றால் கிட்டே சேர்க்காதீர்கள். இணைப்பு வழியே காற்றுப் புகுந்தால், நடவு நேரத்தில் எஞ்சின் நின்றுவிடும்.

அந்தக் காசை இப்படிச் செலவிடுங்கள்:

1. ஏர் கிளீனரைச் சுத்தமாக வையுங்கள். எண்ணெய் வகையானால் அழுக்கு எண்ணெயை மாற்றுங்கள்.

2. கரும்புகை வந்தால் டீசல் வீணாகிறது என்று அர்த்தம். பாரம் அதிகமில்லை, ஏர் கிளீனரும் சரி என்றால், நாசிலைப் பட்டறையில் சோதியுங்கள்.

3. பம்ப்செட்டில் அடைப்பில்லாத, நல்ல ஃபுட்வால்வு போடுங்கள். தேவையில்லாத வளைவுகளை எடுத்துவிடுங்கள்.

4. டயரில் காற்றைச் சரியான அளவில் வையுங்கள்.

5. சும்மா நிற்கும்போது எஞ்சினை நிறுத்துங்கள்.

இவற்றில் மிச்சமாவது உங்கள் கண்ணுக்கே தெரியும்.