உப்பும் மத்தும்

"மாமி, கடையில வாங்கிறது பட்டு மாதிரி இருக்கு. நான் செய்தது ஏன் மணல் மாதிரி நறநறக்குது?" பக்கத்து வீட்டுப் பிள்ளை கிண்ணத்தோடு வந்து நின்றாள். புது ஐஸ்கிறீம் மெஷினில் அவளுக்கு அது முதல் தடவை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து இருக்கச் சொன்னேன்.

நறநறப்பது ஐஸ் பளிங்கு. பாலில் பெரும்பகுதி தண்ணீர். அது ஆறுதலாக உறைந்தால் பளிங்குகள் பெருத்துவிடும், நாக்குக்குத் தட்டுப்படும். ஆகவே விரைவாக உறையவும் வேண்டும், உறையும்போதே கடையவும் வேண்டும். சுவரில் படிகிற மெல்லிய ஐஸை மத்து வழித்து வழித்து நடுவுக்குத் தள்ளுகிறது. கூடவே காற்றையும் அடித்துச் சேர்க்கிறது. காற்றுச் சேராவிட்டால் கிடைப்பது கரண்டி இறங்காத பால்கட்டிதான்.

வீட்டு மெஷின்கள் பலவற்றில் குளிராக்கும் இயந்திரம் கிடையாது. கிண்ணத்துக்கு இரட்டைச் சுவர். நடுவில் ஒரு திரவம். ஃப்ரீசரில் ஓர் இரவு முழுக்க, ஏலுமென்றால் 24 மணித்தியாலம் வைத்தால்தான் அது உறையும். குலுக்கும்போது சளக்கென்று சத்தம் கேட்டால் இன்னும் ஆகவில்லை. பிள்ளை வைத்தது 4 மணித்தியாலம். காய்ச்சிய பாலையும் "ஆறினாப் பிறகுதான் ஊத்தினனான்" என்றாள். திருகோணமலையில் ஆறின பால் என்றால் அது 30 பாகை! கிண்ணத்தின் குளிரெல்லாம் அந்தச் சூட்டை இறக்கவே செலவாகிவிட்டது. பாலையும் பிரிட்ஜில் ஓர் இரவு வைத்திருக்க வேண்டும்.

கரண்ட் இல்லாத காலத்தில் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டாள். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். 1843இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த நான்சி ஜோன்சன் என்ற பெண் கைப்பிடி சுற்றும் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். வெளியே வாளி, உள்ளே தகரப் பாத்திரம், அதற்குள் மத்து. இடைவெளியில் ஐஸும் கல்லுப்பும். வெறும் ஐஸ் 0 பாகையில் உருகும். சீனி கலந்த பாலோ அதற்கும் கீழே போனால்தான் உறையத் தொடங்கும். உப்புப் பட்ட ஐஸ் 0 பாகைக்குக் கீழேயும் உருகும். உருகுவதற்கு வேண்டிய சூட்டைப் பக்கத்தில் இருக்கிற பாலிடமிருந்து இழுக்கும். ஒரு கிலோ ஐஸ் உருக எடுக்கிற சூடு, ஒரு கிலோ ஐஸ்தண்ணியை 80 பாகை மட்டும் சூடாக்கப் போதும், ஏறக்குறையத் தேத்தண்ணிக்கு வைக்கிற தண்ணிதான். மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு போட்டால் வாளி மைனஸ் 20 பாகையை நெருங்கும்.

இந்த இரண்டுக்கும் எங்கள் ஊரில் பஞ்சமில்லை. கொட்பேயில் படகுக்கு ஏற்றுகிற ஐஸ், நிலாவெளிப் பக்கத்து உப்பு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மட்டும் கரண்ட் நின்றதே, அந்த நாட்களில் ஃப்ரீசரை நம்பிய கிண்ணத்தால் என்ன பயன்? வாளி மெஷின் அப்போதும் சுற்றும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மீனுக்குப் போடுகிற ஐஸ் வாளியோடு நிற்க வேண்டும், ஒரு துளியும் பாலில் படக் கூடாது. உள்மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

பாலில் கஞ்சத்தனம் வேண்டாம். பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதம் அளவில், எருமைப்பாலில் 7 சதவீதம் அளவில். மூதூர்த் தயிருக்குப் போகிற பால் கிடைத்தால் விடாதீர்கள். சீனியையும் பாதியாக வெட்டாதீர்கள். கரண்டி இறங்குகிற பதம் தருவதில் அதற்கும் பங்குண்டு.

பிள்ளை கிண்ணத்தைக் கழுவி ஃப்ரீசரில் வைக்கப் போய்விட்டாள். வாளியில் செய்கிறவர்களுக்கு இன்னொன்று: மிஞ்சுகிற உப்புத்தண்ணியை ரோசாச்செடிக்கு ஊற்றிவிடாதீர்கள், பட்டுப்போகும்.