இரண்டு கறுப்புகள்

கோடையில் கோவில்பட்டி வட்டாரத்தைச் செயற்கைக்கோள் படமெடுத்தால் நிலத்தின் பெரும்பகுதி கருமையாகவே விழும். 1991இல் குவைத் பாலைவனத்தைப் படமெடுத்தபோதும் கருந்திட்டுகள் விழுந்தன. இங்கே இருப்பது பருத்தியும் உளுந்தும் விளையும் கரிசல். அங்கே கிடந்தது கச்சா எண்ணெய். 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிய லேண்ட்சாட்-5 செயற்கைக்கோள், விளையும் கறுப்பையும் கொல்லும் கறுப்பையும் எப்படிப் பிரித்தறிந்தது?

1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் குவைத்தைப் பிடித்தது. அங்கே வேலை செய்த தமிழர்கள் உட்பட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானங்களில் ஊர் திரும்பினார்கள். மறு ஆண்டு போரில் தோற்றுப் பின்வாங்கிய ஈராக் படை 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளைக் கொளுத்திவிட்டுப் போனது. கடைசித் தீ அணைந்தது நவம்பர் 6ஆம் தேதி. எரியாமல் பீறிட்ட எண்ணெய் 300க்கும் மேற்பட்ட ஏரிகளாகத் தேங்கியது. மொத்தப் பரப்பு ஏறத்தாழ 12,000 ஏக்கர். காற்றில் பறந்த புகைக்கரியும் எண்ணெய்த் துளிகளும் மணலோடு கலந்து இறுகி, நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 5 சதவீதத்தை மூடின. இந்தக் கெட்டித் தோலைத் ‘தார்க்காரை’ என்று சொல்லலாம்.

லேண்ட்சாட்-5 ஏழு அலைவரிசைகளில் பார்த்தது. நம் கண்ணுக்குத் தெரிபவை அவற்றில் மூன்றே. மீதியில் ஒன்று நிலத்தின் சூட்டைக்கூட அளந்தது. தார் படிந்த தரை வெயிலை உறிஞ்சிச் சுற்றிலுமுள்ள மணலைவிட அதிகமாகக் கொதிப்பது அதில் தெரிந்தது. ஆனால் கரிசலும் வெயிலில் கொதிக்கிற மண்தான். இரண்டையும் பிரிக்கத் துப்புக் கொடுப்பது காலம். செயற்கைக்கோள் 16 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு கரிசல் பச்சை பிடிக்கும். பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பைத் திருப்பி வீசும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டால் கிடைப்பது பசுமைக் குறியீடு. குவைத்திலும் குளிர்கால மழையில் புல் முளைக்கும். மழை பெய்தும் குறியீடு ஏறாத கறுப்புதான் காயம்பட்ட நிலம்.

எனக்கு இன்னும் வியப்பான சங்கதி, போரில் அந்தப் பாலையில் பதிந்த டாங்கித் தடம். லேண்ட்சாட்-5 படத்தின் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது நம் கணக்கில் 22 சென்ட் நிலம். அதற்குள் ஒரு சக்கரத் தடம் எப்படித் தெரியும்? தனித்தனியாகத் தெரியாது. ஆனால் பாலையின் மேற்பரப்பில் பருக்கைக் கற்கள் நெருங்கிப் படிந்து, அடியிலுள்ள மணலைக் காற்றிலிருந்து காக்கின்றன. டாங்கிகளும் பதுங்குகுழிகளும் அந்தக் கல்தோலை உடைத்ததும் வெளிறிய பொடிமணல் மேலே வரும். அந்த 22 சென்ட்டின் சராசரி வெளிச்சம் கொஞ்சம் மாறும். போருக்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் புள்ளிக்குப் புள்ளி கழித்தால் உடைந்த இடம் தனியே எழும்பும். இப்படிப் பாலைவனத்தைப் படித்தவர்களில் ஒருவர் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஃபாரூக் எல்-பாஸ். நிலவில் அப்பல்லோ எங்கே இறங்கலாம் என்று தேர்ந்தெடுத்த குழுவில் இருந்தவர்.

கரிசல் கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழை விழுந்ததும் அதன் களிமண் உப்பி வெடிப்பை மூடிவிடும். உடைந்த பருக்கைக் கல்தோலுக்கு அந்த வரம் இல்லை. தளர்ந்த மணல் காற்றோடு நகர்ந்துகொண்டே இருக்கும்.

அந்த நகரும் மணல் படத்தையே ஏமாற்றவும் செய்தது. சில ஆண்டுகளில் எண்ணெய் ஏரிகளும் தார்க்காரையும் படங்களில் மங்கி, பல இடங்களில் காணாமலே போயின. அங்கே நிலம் ஆறவில்லை. மேலே மணல் மூடியிருந்தது, அவ்வளவுதான். அதனால் ஆய்வாளர்கள் பழைய படங்களில் ஏரி இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கேயே குழி தோண்டி, எண்ணெய் எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்று அளக்க வேண்டியிருந்தது.