மாயர் புனிதக் குகைகளும் மின்னுருவாக்கமும்: பதிவு காப்பனவும் காவாதனவும்

ஆய்வுச் சுருக்கம்

மாயர் புனிதமாகப் போற்றிய குகைகளில் உள்ள ஓவியங்களும் படையற்பொருள்களும் ஒளிப்படத்தாலும் முப்பரிமாணப் பதிவாலும் ஆவணப்படுத்தப்படுகின்றன. அப்பதிவுகள் எவற்றைக் காக்கின்றன, எவற்றைக் காக்க இயலாது என்பதை நான்கு குகைகளின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மாயர், குகை வழிபாடு, நாச் துனிச், பலாம்கூ, ஒளிப்பட ஆவணம், மின்னுருவாக்கம்

முன்னுரை

மெக்சிக்கோவின் யுகட்டான் தீபகற்பத்திலும் குவாத்தமாலா, பெலீசு நாடுகளிலும் பரந்துள்ள சுண்ணாம்புப் பாறையை மழைநீர் கரைத்து எண்ணற்ற குகைகளை உருவாக்கியுள்ளது. வட யுகட்டானில் நிலத்தின்மேல் ஓடும் ஆறுகள் இல்லை எனலாம். நீர் நிலத்தடியிலேயே கிடைக்கிறது. ஆகவே குகை மாயர்க்கு நீரின் பிறப்பிடமாகவும், மழைத் தெய்வமான சாக்கின் உறைவிடமாகவும், கீழுலகின் வாயிலாகவும் விளங்கியது. யுகட்டெக் மாய மொழியில் கிணற்றையும் குகையையும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கு இதற்குச் சான்றாகும். இன்றும் மாய மக்களுள் பலர் குகைகளில் மழை வேண்டி வழிபடுகின்றனர். எனவே இக்குகைகளைப் படம்பிடிப்போர் கைவிடப்பட்ட தொல்லிடத்தை மட்டும் அணுகவில்லை; வழிபாட்டிடத்தையும் அணுகுகின்றனர்.

1. ஓவியம் சிதைந்தபின் எஞ்சிய படம்

குவாத்தமாலாவின் பெத்தேன் பகுதியில் உள்ள நாச் துனிச் குகை 1979இல் வெளியுலகிற்குத் தெரியவந்தது. இப்பெயருக்குக் 'கல்வீடு' என்பது பொருள். இதன் சுவர்களில் கரிய கோடுகளால் வரையப்பட்ட மனித உருவங்களும் சித்திர எழுத்துகளும் கி.பி. 7, 8ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. தொலைவிலிருந்து வந்தோரின் வருகையைப் பதிவுசெய்யும் எழுத்துகளும் அவற்றுள் உண்டு. 1980களில் இவ்வோவியங்கள் விரிவாகப் படம்பிடிக்கப்பட்டன. 1989இல் விஷமிகள் குகைக்குள் புகுந்து ஓவியங்கள் பலவற்றைச் சிதைத்தனர்.

ஆண்ட்ரியா ஸ்டோன் 1995இல் வெளியிட்ட மாயர் குகை ஓவியம் பற்றிய நூல் அழிவுக்கு முந்தைய நிலையை அறிய இன்று உதவுகிறது. ஆய்வுக்குத் துணையாக எடுக்கப்பட்ட படங்கள், சிதைந்த பகுதிகளைப் பொறுத்தவரை மூலச்சான்றுகளாகவே மாறிவிட்டன. அப்படங்களில் இடம்பெறாத கோடு இனி மீளாது. அழிவு எப்போது வரும் என்பதை முன்னறிய இயலாது என்பதால், எல்லாப் படத்தையும் இறுதிப்படமாகக் கருதியே எடுக்க வேண்டும் என்பது நாச் துனிச் தரும் முதற்பாடமாகும்.

2. தனிப்படத்திலிருந்து முப்பரிமாணப் பதிவுக்கு

தனிப்படம் கோட்டைக் காட்டும். சுவரின் வளைவையும், ஓர் ஓவியத்திற்கும் அடுத்ததற்கும் உள்ள தொலைவையும், காண்பவர் நிற்கும் இடத்தையும் முழுமையாகக் காட்டாது. இக்குறையை இருமுறைகள் நிறைவுசெய்கின்றன. முதலாவது, ஒன்றன்மேல் ஒன்று பெரிதும் படியுமாறு நூற்றுக்கணக்கான படங்களை எடுத்து, அவற்றின் பொதுப்புள்ளிகளைக் கணினியால் இணைத்து முப்பரிமாண உருவை அமைத்தல். இரண்டாவது, லேசர் கதிரால் பாறைப் பரப்பின் தொலைவை அளந்து குகையின் வடிவத்தைப் பெறுதல். முன்னது நிறத்தையும் நுண்கோட்டையும் நன்கு தரும். பின்னது பெரிய அறைகளின் அளவைத் துல்லியமாகத் தரும். இரண்டையும் இணைத்துப் பயன்படுத்துவது சிறந்தது.

மங்கிய ஓவியங்களுக்கு அகச்சிவப்பு ஒளிப்படம் உதவுகிறது. கரியால் ஆன மை அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிக் கருமையாகத் தோன்றும். கண்ணுக்கு அதைப்போலவே தோன்றும் வேறு மையும் அழுக்கும் வேறுவிதமாகப் புலப்படக்கூடும். பல அலைநீளங்களில் படமெடுக்கும் இம்முறை நாச் துனிச்சிலும் கையாளப்பட்டுள்ளது.

எனினும் குகை எளிய களமன்று. ஈரம் வில்லையில் படியும். இருளில் நிழல்கள் படத்திற்குப் படம் இடம்மாறினால் கணினி பொதுப்புள்ளிகளைத் தவறாக இணைக்கும். அளவுகோலும் நிற அட்டையும் இல்லாத பதிவு ஆய்வுக்குப் பயன்படாது.

3. மூடிய குகையும் மறந்த அறிவும்

சிச்சென் இட்சாவுக்கு அருகிலுள்ள பலாம்கூ குகை 1966இல் தொல்லியலாளர் விக்டர் செகோவியாவின் பார்வைக்கு வந்தது. பின் அதன் வாயில் அடைக்கப்பட்டது. 2018இல் கில்யெர்மோ தெ அண்டா தலைமையிலான குழு அதனுள் மீண்டும் சென்றது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தூபக்கலன்களும் பிற கலன்களும் வைத்த இடத்திலேயே காணப்பட்டன. அவற்றை வெளியே எடுக்காமல், இருந்த நிலையிலேயே பதிவுசெய்ய அக்குழு முடிவுசெய்தது.

இங்கு இரு உண்மைகள் ஒருங்கே புலனாகின்றன. வாயில் அடைபட்டிருந்தமை பொருள்களைக் காத்தது. ஆனால் அரைநூற்றாண்டுக் காலம் அக்குகை பற்றிய அறிவு ஆய்வுலகில் பெரிதும் மறக்கப்பட்டது. குகையை மூடிவைக்கவும் அதன் அறிவைத் திறந்துவைக்கவும் ஒருசேர வழிசெய்வதே மின்னுருப் பதிவின் தனிப்பயனாகும்.

4. கருவியே தீங்காகும்போது

பெலீசில் உள்ள ஆக்தூன் துனிச்சில் முக்னால் குகையில் பலியிடப்பட்டோரின் எலும்புகள் தரையில் கிடந்தவாறே உள்ளன. 2012இல் சுற்றுலாப் பயணி ஒருவரின் கைதவறி விழுந்த கேமரா அங்கிருந்த மண்டையோடு ஒன்றை உடைத்தது. அதன்பின் பயணிகள் கேமரா கொண்டுசெல்வது தடைசெய்யப்பட்டது. காக்க வந்த கருவியே அழிக்கவும் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. குகையின் இருப்பிடத்தைத் தாங்கிய படக்கோப்பு பொதுவெளியில் உலவுவதும் கொள்ளையர்க்கு வழிகாட்டும். இதுவும் அத்தகைய தீங்கே.

5. இசைவும் சடங்கும்

1959இல் பலன்கன்சே குகையின் அடைபட்ட பகுதி திறக்கப்பட்டபோது, உள்ளூர் மாயப் பூசகர் தெய்வங்களின் சினம் தணிய அங்கே சடங்கு நிகழ்த்தினார். ஆய்வாளர்கள் அதற்கு இசைந்ததோடு அதனைப் பதிவும் செய்தனர். அக்குகையின் தூபக்கலன்களைப் போலவே அச்சடங்கும் குகையின் வரலாற்றுக்குரிய சான்றாகும். பொருளின் வடிவத்தை அளந்துவிட்டு, அதனை வழிபடுவோரின் சொல்லை விட்டுவிடும் ஆவணம் குறைவுடையதே.

முடிவுரை

மின்னுருப் பதிவு கோட்டையும் வடிவத்தையும் இடத்தையும் காக்கிறது. இருளையும் நீரொலியையும் அங்கே செலுத்தப்படும் வழிபாட்டையும் அது காக்காது. அவற்றைக் காப்போர் குகையை ஒட்டி வாழும் மக்களே. ஆகவே பதிவின் மூலப்படி அம்மக்களுக்கும் கிடைத்தல் வேண்டும். எப்பகுதியைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்பதில் அவர்களின் சொல் முடிவானதாக அமைதல் வேண்டும். படம் குகைக்கு மாற்றாகாது; குகைக்குள் செல்வோரின் எண்ணிக்கையைக் குறைக்க உதவும்போதே அது பாதுகாப்பாகிறது.